பிரித்துப் பார்த்த பேரறிஞர் ஜி.டி. நாயுடு

மனித வாழ்வைச் செம்மை செய்தவர்கள் இரு வகையினர். சொல்லைப் படைத்துச் சிந்தையை மாற்றியவர்கள் ஒரு வகையினர். பொருளைப் படைத்து வாழ்க்கை முறையை மாற்றியவர்கள் மற்றொரு வகையினர். முன்னவரைத் தமிழுலகம் போற்றத் தவறியதில்லை. புலவர்க்கு விழா எடுத்தோம், சிலை நட்டோம், மலர் வெளியிட்டோம். பின்னவரையும் அவ்வாறு போற்றினோமா என்று கேட்டால் விடை சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. ஏரும் ஏற்றமும், தறியும் தேரும் செய்தளித்த கைவல்லோரின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

சென்னைத் தியாகராய நகரில், சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயர் தாங்கிய உஸ்மான் சாலையில், ஒரு மாலைப் பொழுதில் நடந்து செல்வோர் காணும் காட்சி யாது? மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, சிறு விசிறி, கையடக்க வானொலி என்று கடைதோறும் கருவிகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை அயல்நாட்டில் உருவானவை. அல்லது அயல்நாட்டு அமைப்பைப் பின்பற்றி இங்கே செய்யப்பட்டவை. அவற்றை விலை பேசி வாங்கிச் செல்வோருள் எத்தனை பேர் அறிவர், இவை போன்ற கருவிகளை அரை நூற்றாண்டுக்கும் முன்னரே தமிழகத்துச் சிற்றூரில் பிறந்த ஒருவர் சிந்தித்தார், செய்தார், செய்து காட்டினார் என்பதை? அவர்தாம் கோவை தந்த பொறியியல் மேதை ஜி.டி. நாயுடு.

அவருடைய வாழ்க்கையை வியப்புச் செய்திகளின் கோவையாகச் சொல்வது எளிது. பலரும் அவ்வாறே சொல்லி வந்துள்ளனர். இத்தனை கருவிகளைச் செய்தவரின் பொருள்கள் நம் இல்லங்களில் ஏன் நிலைபெறவில்லை என்ற வினாவோடு அவ்வாழ்க்கையை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் மரபு

வியப்பூட்டும் கருவிகளைச் செய்தல் மேலை நாட்டார்க்கே உரிய கலை என்று எண்ணுவது பிழை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறந்தோர் மூவர், தாமே நின்று தாமே ஓடும் நீர்க்கலங்கள் முதலான கருவிகளைப் பற்றி நூல் செய்தனர். அவர்களுக்குப் பின் வந்த அல்-ஜஸரீ என்னும் பொறிவல்லார், தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்த்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்து, 1206-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை முடித்தார். யானை வடிவிலான நீர்க்கடிகாரம், கை கழுவ நீர் வார்க்கும் பாவை, கிணற்று நீரை மேலே ஏற்றும் பொறி எனப் பல அதில் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. இவற்றுள் சில வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை. சில பயனுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டையும் செய்த கை ஒன்றே.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அல்-ஜஸரீ அந்நூலைத் தாமாக எழுதத் தொடங்கியவர் அல்லர். நாஸிருத்தீன் மஹ்மூத் என்னும் மன்னர், அவர் செய்த கருவிகள் காலத்தால் அழிந்துவிடலாகாது என்று கருதி எழுதப் பணித்தார். பொறி செய்ய ஒரு கை. அதனை ஏற்றுக் காக்க மற்றொரு கை. இவ்விரண்டும் இணைந்ததனால்தான் எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அவர் பெயர் வாழ்கிறது. ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையில் முதற்கை ஓயாது உழைத்தது. இரண்டாவது கை பல வேளைகளில் நீளவில்லை.

கலங்கலில் தோன்றிய விளக்கு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு ஒரு வேளாளர். தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து ஜி.டி. நாயுடு என்பதே பின்னர் நாடறிந்த பெயராயிற்று.

பள்ளிக்கூடம் அச்சிறுவனைக் கவரவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், எழுதியதைப் பார்த்து எழுதுவதும் அவனுக்குச் சுமையாயின. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது; வயல் வேலை தொடங்கிற்று. இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிக்காமலே மேதையாகலாம் என்று மாணவர் யாரும் எண்ணிவிடலாகாது. பள்ளியை விட்ட அவர் கற்பதை விட்டாரில்லை. நூல்களைத் தேடிப் படித்தார். பொருள்களைத் தொட்டுப் பார்த்துப் படித்தார். பிற்காலத்தில் பொருளும் உழைப்பும் தந்து கல்விக் கூடம் தோன்றத் துணை நின்றவரும் அவரே. அவர் வெறுத்தது கல்வியை அன்று, உயிரற்ற கற்பித்தலையே. ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறுபாடு இது.

இரும்புக் குதிரை காட்டிய வழி

1912-ஆம் ஆண்டளவில் அவருக்கு வயது 19. ஆங்கில வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடிய அவ்வண்டியைக் கண்ட இளைஞர் பலர் வியந்திருப்பர். வியந்தபின் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பர். துரைசாமி அவ்வாறு போகவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது, எது எதனை இயக்குகிறது என்ற வினா அவரைப் பற்றிக்கொண்டது.

வண்டியை வாங்கக் கையில் பணமில்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொடுத்து, அதே வண்டியை அந்த அலுவலரிடமிருந்தே வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த வேலை, அதனை ஓட்டித் திரிவதன்று; ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் தரையில் பரப்பியதே. பின்னர் மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பாடநூலாயிற்று. அதனைப் பிரித்த இடமே வகுப்பறை ஆயிற்று.

பிரித்துப் பார்த்தல் என்னும் இச்செயலை அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் திறவுகோலாகக் கொள்ளலாம். தமிழ் கற்போர் இதனை எளிதில் உணர்வர். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்தறிந்தவனே சொல்லை ஆளத் தெரிந்தவன். புணர்ந்து நிற்கும் சொற்றொடரைப் பிரித்துப் பொருள் கண்டு, மீண்டும் சேர்த்துப் படிப்பதுதானே நம் வகுப்பறையில் நாள்தோறும் நிகழ்வது? இலக்கணம் சொல்லுக்குச் செய்வதை அவர் இயந்திரத்துக்குச் செய்தார்.

ஒரு வண்டியிலிருந்து பேருந்து நிறுவனம் வரை

இடையில் பருத்தி வணிகத்தில் ஈடுபட்டுப் பொருள் இழந்தார். இழப்பு அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியதே தவிர, உள்ளத்தை முடக்கவில்லை. 1920-ஆம் ஆண்டில், கோவையின் தொழில் முன்னோடியான சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் துணையோடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அவ்வொரு வண்டி சில ஆண்டுகளில் பல வண்டிகளாகப் பெருகி, யு.எம்.எஸ். என்னும் பெயர் கொண்ட போக்குவரத்து நிறுவனமாயிற்று. நாட்டிலேயே சிறந்த முறையில் இயங்கிய நிறுவனங்களுள் ஒன்றென அது பெயர் பெற்றது. சாலை சரியில்லாத காலம். உதிரிப் பாகங்கள் கப்பலில் வரவேண்டிய காலம். அத்தகைய காலத்தில் பேருந்தைக் குறித்த நேரத்தில் ஓட்டுவதே ஒரு பொறியியல் சிக்கல். வண்டி பழுதானால் பிறரை எதிர்பாராது தம் பட்டறையிலேயே சீர்செய்தார். பயணச்சீட்டு வழங்கவும் ஒரு பொறியை அமைத்தார். நடத்துநரின் கணக்கும் பயணியின் காசும் பிழையின்றி நிற்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே அதனைப் பிறப்பித்தது. அவருடைய கருவிகள் பலவற்றுக்கும் இத்தகைய அன்றாடத் தேவையே ஊற்றாக இருந்தது.

நீலகிரி மலையின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிய பின் கோவை மாவட்டத்தின் முகமே மாறிற்று. ஆலைகள் பெருகின; கிணறுகளில் மாடு கட்டி இறைத்த உழவர் மின்னிறைவைப் பொறிகளை நாடினர். ஆனால் அவற்றை இயக்கும் மின் மோட்டார்கள் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தன. இந்நிலையில் 1937-ஆம் ஆண்டு, தே. பாலசுந்தரம் நாயுடு என்னும் பொறிவல்லாரும் ஜி.டி. நாயுடுவும் இணைந்து, கோவைப் பீளமேட்டில் இருந்த தம் நியூ என்னும் மின்பொறித் தொழிலகத்தில் உள்நாட்டிலேயே ஒரு மின் மோட்டாரைச் செய்து முடித்தனர். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டாருக்கும் இறைவைப் பொறிக்கும் கோவை இன்று பெற்றிருக்கும் பெயருக்கு இட்ட வித்துக்களுள் அது முதன்மையானது. கண்டுபிடித்தவரின் கையும் ஏற்றுக்கொண்ட ஊரின் கையும் இணைந்ததற்கு நற்சான்று இதுவே.

வியப்புக் கருவிகள்

உலகப் பயணங்கள் அவருடைய பார்வையை விரித்தன. சென்ற இடமெல்லாம் கண்ணாலும் கண்டார். படப்பிடிப்புக் கருவியாலும் பதிந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் 1936 ஜனவரியில் இலண்டன் மாநகரில் நடைபெற்றபோது அதனைத் தம் கருவியால் படமெடுத்தார். படமெடுப்பவர் பொருளின் தொலைவுக்கேற்ப ஒளிவில்லையைச் சரிசெய்ய வேண்டும் என்பதைக் கண்டு, அதற்கெனத் தொலைவு சரிசெய்யும் துணைக்கருவி ஒன்றையும் உருவாக்கினார். ஒரு கருவியைப் பயன்படுத்துகையில் அதன் குறையும் அவர் கண்ணில் பட்டுவிடும். குறை கண்ட அளவில் அமையாமல் அதனை நீக்க முற்படுவார்.

அவருடைய கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது ரேசண்ட் என்னும் சவரக் கருவி. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் அதனுள் பொருத்தப்பட்டிருந்தது. ஜெர்மனி நாட்டின் ஹைல்பிரான் நகரில் அது செய்யப்பட்டது. இன்றைய மாணவர்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றாமலிருக்கலாம். அன்று நம் நாட்டில் மின்விளக்கெரிந்த வீடுகளே மிகச் சில என்பதை நினைவிற் கொண்டால், சுவரில் மின்இணைப்பு இல்லாதவரும் மின்கருவியைப் பயன்படுத்த வழி கண்ட நுட்பம் விளங்கும். மிக மெல்லிய சவர அலகுகளையும் அவர் உருவாக்கினார்.

மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி மற்றொன்று. இக்காலத்தார்க்கு இது நகைப்பூட்டும். தீயை மூட்டிக் காற்று வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். ஆயின் அதன் பின்னுள்ள அறிவியல் நகைப்புக்குரியதன்று. சூடேறிய காற்று விரியும், குளிர்ந்த காற்று சுருங்கும் என்னும் இயற்கை விதியைக் கொண்டு தண்டை இயக்கிச் சக்கரத்தைச் சுழற்றும் முறையில் அக்காலத்து மண்ணெண்ணெய் விசிறிகள் பல அமைந்தன. மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கு அத்தகைய விசிறி விளையாட்டுப் பொருளன்று.

பழச்சாறு பிழியும் கருவி, திருத்தவோ புரட்டவோ இயலாத வாக்குப் பதிவுப் பொறி என அவருடைய படைப்புகள் நீளும். பொறியோடு அவர் ஆர்வம் நின்றுவிடவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளைக் கண்டார். சர் சி.வி. இராமன், சர் எம். விசுவேசுவரையா ஆகிய பேரறிஞர்கள் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்துச் சென்றனர். காலை 6 மணிக்கு அடித்தளமிட்டு மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்ததும் அவருடைய செயல்களுள் ஒன்று. வேடிக்கை என்று இதனைத் தள்ளிவிடலாம். பாகங்களை முன்கூட்டியே செய்து வைத்துக் கட்டும் முறைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அதனை வேடிக்கை என்று மட்டும் சொல்ல இயலாது.

எழுபது ரூபாய் வானொலியும் ஈராயிரம் ரூபாய்ச் சிற்றுந்தும்

சென்னை மக்கள் வானொலியை முதலில் கேட்டது தம் இல்லங்களில் அன்று. சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலை வேளையில் மக்கள் கூடி நின்று கேட்டுச் சென்றனர். 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கப்பெற்றது. இன்று அந்நிலையம் மயிலாப்பூர்க் கடற்கரைப் பகுதியில் காமராசர் சாலையில் உள்ளது. நிலையம் வந்தது, நிகழ்ச்சிகள் வந்தன. ஆனால் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கடல் கடந்து வந்த பெட்டியின் விலை எளியோரை அண்டவிடவில்லை.

இந்நிலையில், 1941-ஆம் ஆண்டு, ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு அறிவித்தார். வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். வானில் வரும் மெல்லிய மின்னலைகளைப் பெருக்கிச் செவிக்குக் கேட்கும் ஒலியாக்க அது துணை செய்யும். ஐந்து வால்வுப் பெட்டி தொலைவான நிலையங்களையும் இழுத்துத் தரவல்லது. அத்தகைய பெட்டியை எளிய குடும்பமும் வாங்கும் விலைக்குக் கொணர எண்ணியதே அவர் நோக்கின் சிறப்பு. கடற்கரையில் நின்று கேட்டவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அடுத்தது சிற்றுந்து. 1952-ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் வண்டி ஒன்றை 2,000 ரூபாய் விலையில் அளிக்க அவர் முற்பட்டார். அரசு உரிமம் வழங்க மறுத்தமையால் உற்பத்தி நின்றது. அக்காலச் சூழலையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எதனை யார் எவ்வளவு செய்யலாம் என்பதை அரசே முடிவு செய்யும் காலம் தொடங்கியிருந்தது. விடுதலை பெற்ற ஏழை நாடு, எஃகு குறைவு, அயல்நாட்டுச் செலாவணி குறைவு. இருப்பதைக் கட்டுப்பாட்டோடு பங்கிட வேண்டும் என்பது ஆட்சியாளர் கருத்து. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அச்சட்டத்தின் வலை பெருமீனைத் தாங்கிப் புதுமீனைத் தடுத்தது. எளியோர்க்கான மலிவுச் சிற்றுந்து என்னும் கருத்து மீண்டும் நாடளாவிய பேச்சாக 2009-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் விலையில் டாட்டாவின் நானோ வெளிவரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. நானோவும் 2018-இல் உற்பத்தி நின்று மறைந்தது. மலிவாகச் செய்வதைவிட அதனை நிலைநிறுத்துவது கடினம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கல்விக் கூடத்தில் கருத்து வேறுபாடு

1944-ஆம் ஆண்டில், தம் 51-ஆம் வயதில், போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை, தொழிலாளர் நலன், ஒடுக்கப்பட்டோர் நலன் எனப் பல அறச்செயல்களை அறிவித்தார். ஈட்டும் ஆற்றல் குன்றாத வயதில் ஈதலுக்குத் திரும்பியது போற்றத்தக்கது.

மறு ஆண்டு, 1945-இல், கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவர் காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் பெயரால் அவை வழங்கின. அக்கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. சென்னையில் 1794-ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியை நாடியே மாகாணத்து இளைஞர் பலரும் பொறியியல் கற்க வரவேண்டியிருந்த காலத்தில், கோவை மண்ணிலேயே அவ்வாய்ப்பை உண்டாக்கியது சிறுசெயலன்று. தொடக்கப் பள்ளியோடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தார் என்பது நம் கல்வி வரலாற்றின் அரிய நிகழ்ச்சி.

ஆயினும் அப்பதவியில் அவர் நிலைக்கவில்லை. நான்காண்டுப் பாடத்திட்டம் மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவி துறந்தார். இதில் யார் பக்கம் நியாயம்? பட்டறையில் கைபழகுவதற்கு இரண்டாண்டுகள் போதுமாகலாம். கணிதமும் இயற்பியலும் ஊறி, நாளை வரும் புதிய பொறியையும் தானே அறிந்துகொள்ளும் பயிற்சி பெற அவ்வளவு போதாது என்று கருதுவோர் உண்டு, அக்கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் நான்காண்டு பயின்று பட்டம் பெற்றும் ஒரு மோட்டாரைப் பிரித்துப் பூட்ட அறியாத மாணவரை நாம் பார்க்கும்போதெல்லாம், அவர் எழுப்பிய வினா மீண்டும் எழுகிறது. அவர் கூறிய விடை பிழையாகலாம், வினா பிழையன்று.

உடைந்த கருவிகள்

அரசோடு அவருக்கிருந்த மாறுபாடு வரியிலும் வெடித்தது. ஈட்டியதில் பெரும்பகுதியை வரியாகக் கொள்ளும் முறை, புதியது படைப்போனின் ஊக்கத்தைக் கெடுக்கிறது என்பது அவர் மனக்குறை. 1950-களின் முற்பகுதியில், கோவையில் பொதுமக்கள் முன்னிலையில், தாம் உருவாக்கிய பொருள்களைத் தாமே உடைத்து நொறுக்கித் தம் எதிர்ப்பைக் காட்டினார்.

இச்செயலை வீரம் என்று புகழ்ந்தோரும் உண்டு. பிடிவாதம் என்று வருந்தியோரும் உண்டு. தந்தை பெரியார் உள்ளிட்ட தலைவர் பலரோடு நட்புப் பூண்டவர் அவர். எவர்க்காகவும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாதவரும் அவரே. அவருடைய சினத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் உடைந்த கருவியால் அரசுக்கு என்ன இழப்பு? இழந்தவர்கள் அவற்றைப் பயன்படுத்தியிருக்கக் கூடிய மக்களும், பிரித்துப் பார்த்துக் கற்றிருக்கக் கூடிய இளைஞருமே. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்து மேதையானவர், தம் கருவிகளைப் பிறர் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பைக் குறைத்துவிட்டார் என்பதுதான் அவர் வாழ்வின் துயரம். அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை. பெரியோரின் பெருமை குறைகளைச் சொல்வதால் குன்றிவிடாது.

வாக்குப் பொறி சொல்லும் பாடம்

ஒரு கருவி நிலைபெற என்ன வேண்டும் என்பதை வாக்குப் பதிவுப் பொறியின் வரலாறு தெளிவாக்கும். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சின்னத்தைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்து சீட்டை இட்டனர். பெட்டிகள் மலைபோல் குவிந்தன. சுயேச்சை வேட்பாளராகத் தேர்தலில் நின்று தோற்ற அனுபவமும் உடைய ஜி.டி. நாயுடு, வாக்கைப் பொறியால் பதியலாம் என்று எண்ணிச் செய்தும் காட்டினார். அது நடைமுறைக்கு வரவில்லை.

பின்னாளில் நாடு ஏற்றுக்கொண்ட மின்னணு வாக்குப் பொறி வேறொரு வழியில் வந்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர், சுஜாதா என்னும் புனைபெயரால் தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த எழுத்தாளர் எஸ். ரங்கராஜன். ஓய்வுக்குப் பின் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்து 2008-இல் மறைந்தவர். அப்பொறி 1982-இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாததாக்கிற்று. 1989-இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுதும் பொறியிலேயே வாக்களித்தது. செய்தவர் ஒருவர், வேண்டியவர் ஒருவர், சட்டம் இயற்றியவர் ஒருவர், மக்களுக்கு விளக்கி எழுதியவர் ஒருவர் எனப் பல கைகள் கூடியே ஒரு பொறி வாழ்வு பெறுகிறது. தனி ஒருவரின் மேதைமை அதற்குத் தொடக்கம் மட்டுமே.

நம் கடமை

1967-இல் கோவையில் அவர் பெயரால் தொழிற்பொருட்காட்சி நிறுவப்பட்டது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரை அழைத்தனர். 2025 அக்டோபரில், கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்தில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டுதல் நன்று. நாள்தோறும் பல்லாயிரவர் நாவில் அது வழங்கும். ஆனால் பாலத்தின் மேல் விரைவோர் அவர் கருவிகளின் உள்ளமைப்பை அதனால் அறிந்துவிடப் போவதில்லை.

எனவே ஒவ்வொருவர்க்கும் ஒரு கடமை உண்டு. மாணவர்களே, உங்கள் வீட்டில் பழுதாகி மூலையில் கிடக்கும் ஒரு கருவியைப் பெரியோர் துணையோடு பிரித்துப் பாருங்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கை வையுங்கள். பிரித்ததை மீண்டும் பூட்டும் வரை எழாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, வினாக் கேட்டு நச்சரிக்கும் மாணவனைத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள். கல்விக் கூடங்கள் கண்டு காத்துவரும் சமுதாயப் பெரியோர்களே, கலைக் கல்லூரியாயினும் அங்கே ஒரு சிறு பட்டறைக்கு இடமும் பொருளும் அளியுங்கள். அல்-ஜஸரீக்கு ஒரு மன்னர் செய்ததை, இக்காலத்து இளைஞனுக்கு ஓர் அறக்கட்டளை செய்யலாம்.

தமிழ்த் துறைகளுக்கும் ஒரு பணி இருக்கிறது. ஜி.டி. நாயுடுவின் கருவி ஒவ்வொன்றுக்கும் படமும், உறுப்புப் பெயரும், செய்முறையும் தந்து, நல்ல தமிழில் நூல் எழுத வேண்டும். பட்டறைத் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அறிவியல் தமிழோடு இணைத்து, பொறியறிந்தோரும் மொழியறிந்தோரும் ஒருங்கமர்ந்து அதனைச் செய்ய வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், உரிமம் மறுக்கப்படலாம், கருவி உடையலாம். முறையாக எழுதி வைத்த அறிவை அடுத்த தலைமுறை கையிலெடுத்து மீண்டும் செய்து பார்க்கலாம். அப்பணியை இம்மலரைப் படிக்கும் மாணவருள் ஒருவரேனும் மேற்கொள்வாராயின், கலங்கலில் பிறந்த அம்மேதைக்குத் தமிழ் செய்யும் நன்றி அதுவேயாகும்.